முப்பது நோன்பும் பத்து விரலும்

மற்றவர்கள் கையைப் பிடித்து நலம் விசாரிப்பார்கள். லேப்காரி நான் கையைப் பிடித்துக் குத்திவிட்டு விசாரிப்பேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு கிளினிக்கின் மாடியில் இருக்கிற சின்ன லேபில் பதினாலு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் முஸ்லிம்கள். அதனால் மர்பி டவுன் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருகிற எனக்கும் வருஷத்தில் ஒரு மாதம் ரம்ஜான்தான். என்னைப் போல ஊசி பிடிக்கிறவர்களே, என்னைப் போன்றவர்களிடம் கையை நீட்டுகிறவர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கேளுங்கள்.

இரண்டு குத்து

முதல் நோன்பன்று ஒரு அம்மா புர்காவின் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினார், மறுபடி இறக்கினார். ரத்தம் கொடுத்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்று சந்தேகம். "முறியாதும்மா. உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தே போன வருஷம் நோன்போட இதே சேர்ல உக்காந்து குடுத்தாரு" என்றேன். ஹஜ்ரத் உட்கார்ந்த நாற்காலி என்றதும் கை நீண்டுவிட்டது.

ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்கு நரம்பு நழுவிவிட்டது. இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த அம்மா கையை எடுக்கவில்லை. "குத்துமா. நோன்புல பொறுத்துக்கிட்டா நன்மை ஜாஸ்தி. நீ ரெண்டு வாட்டி குத்துனதால எனக்கு டபுள்" என்றார்.

மூன்று மணித் தலைவலி

முதல் மூன்று நாட்களும் மத்தியானம் மூன்று மணி அடித்தால் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் வரும். பிரஷர் பார்க்கச் சொல்வார்கள். பிரஷர் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று ஒன்றுகூட இல்லை என்றால் மண்டையைத்தான் பிடிக்கும். நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி எங்கள் டாக்டரம்மா வருஷா வருஷம் தொண்டை கிழியச் சொல்வார். வருஷா வருஷம் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் பிரஷர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நொந்துபோய்ச் சொன்னார்: "பசி என்னை ஒண்ணும் பண்ணல மேடம். டீ இல்லாததால தான் கஸ்டமர் பேசுறது பூரா காதுல விழுது."

நான் இருந்த நோன்பு

கிளினிக்குக்கு எதிரே திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருப்பவர் பஷீர் பாய். பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்காரர். எனக்கும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பழக்கம் என்று சொல்லலாம். "ஒரே ஒரு நாள் வச்சுப் பாரேன், உடம்பு லேசாயிடும்" என்று வருஷா வருஷம் சீண்டுவார். இந்த வருஷம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடிவதற்கு முன் எழுந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

பதினொன்றரை மணிக்கு, ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் மெஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பட்டர் பன் தின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்தா பாய் வர வேண்டும்? சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாப்பிடு செல்விமா. நானா போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா தான் சொல்லுவேன். நோன்புல பொய் சொல்லக் கூடாது பாரு" என்றார்.

அழகான நம்பர்கள்

போன ரம்ஜானில் பாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஒரு நோன்புகூட வைக்க முடியவில்லை. நோன்பு வைக்காதவனுக்கு என்ன பெருநாள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு தொழுகைக்கும் போகவில்லையாம். அதனால் இந்த வருஷம் முப்பதும் வைத்தே தீருவேன் என்று டாக்டரம்மா முன்னால் வந்து நின்றார். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். பாய் அசையவில்லை. கடைசியில் இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி, நிபந்தனை போட்டார்: தினம் நாலு வேளை வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்து, நம்பரைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்ப வேண்டும். எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிஷமே நோன்பை முடித்துவிட வேண்டும்.

படங்கள் தவறாமல் வந்தன. 96, 102, 99. நோன்பு திறந்து ஹலீமும் சமோசாவும் ரோஸ் மில்க்கும் உள்ளே போன பிறகும் 108. எங்கள் லேபிலேயே இவ்வளவு அழகான நம்பர்களை நான் பார்த்ததில்லை. "என்ன பாய், சமோசாவ விட்டுட்டீங்களா?" என்று போனில் கேட்டேன். "சமோசாவ நான் விட்டாலும் அது என்னை விடாது செல்விமா. எல்லாம் தொழுகையில கேட்ட துவாவோட பலன்" என்றார்.

ரஃபீக் மாஸ்டரின் கை

பத்தொன்பதாம் நோன்பன்று பாய் கடையில் துணி வெட்டும் ரஃபீக் மாஸ்டர் முழங்கால் வலி என்று ரத்தம் கொடுக்க வந்தார். பாய் வயதுதான், முப்பது வருஷமாக அதே கடை. அவர் கையைத் திருப்பினேன். இடது கை விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. தையல் கடையில் ஊசி குத்தும்தான், ஆனால் இப்படி விரலுக்கு விரல் ஒரே இடத்தில் குத்தாது. இந்தப் புள்ளி எனக்கு நன்றாகத் தெரியும்.

"மாஸ்டர், உங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?" என்றேன். அவர் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். "எனக்கு சுகர் இல்லமா. பாயோட மெஷினுக்கு விரல் குடுக்கிறேன். அவருத விட என்னுது நம்பர் நல்லா வருது."

முப்பத்தைந்து நிமிஷம்

அந்த நம்பரைப் பார்த்துத்தான் பாய்க்கு மருந்தின் அளவை முடிவு செய்கிறோம் என்று சொன்னதும் ரஃபீக் மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரம்மா பாயைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். மீதி நோன்பு வேண்டவே வேண்டாம் என்றார். பாய் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் ரஃபீக் மாஸ்டர் அவரைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. பாயின் விரலையே பிடித்துக் குத்தினேன். 56. டாக்டரம்மா அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். போனில், "முதல்ல சர்க்கரைத் தண்ணி குடு" என்றார். கரைத்துக் கொடுத்தேன். பாய் வாயை இறுக மூடிக்கொண்டார். "நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் தானே. இருபத்தொண்ணு வச்சிட்டேன்." எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. நோயாளிக்கு மார்க்கமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்பதை முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவளா அவருக்குச் சொல்ல வேண்டும்?

ரஃபீக் மாஸ்டர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். "விரல் குடுத்தவன் நான் பாய். நீங்க குடிக்கலைன்னா என் நோன்பையும் இங்கயே முறிக்கிறேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை, டம்ளர் சாய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அசையாத பாய் அதைப் பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் 84 வந்தது. டாக்டரம்மாவும் வந்து பார்த்துவிட்டார். பாங்கு ஒலித்ததும் ரஃபீக் மாஸ்டர் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பு திறந்தார். பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ரஃபீக், உன் நோன்பக் காப்பாத்துனதுக்கு எனக்கு நன்மை உண்டுல்ல?"

பெருநாள்

மீதி நாட்களில் பாய் நோன்பு வைக்கவில்லை. டாக்டரம்மா சம்மதித்தால் பகல் குறைவாக இருக்கும் மாதத்தில் வைக்கலாம், முடியாவிட்டால் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடலாம் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டாராம். பெருநாள் காலையில் புதுச் சட்டை போட்டு, ரஃபீக் மாஸ்டரோடு தொழுகைக்கும் போனார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

தொழுகை முடிந்து, எனக்கு சேமியாப் பாயசத் தூக்கோடு லேபுக்கு வந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே மேஜைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார். "எது வேணுமோ எடுத்துக்கோ செல்விமா. பத்தும் ஒரிஜினல்."

பதினாலு வருஷத்தில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: மெஷின் பொய் சொல்லாது, நோன்பாளியும் பொய் சொல்ல மாட்டார், விரல் யாருடையது என்பதை மட்டும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.