அட்டைக் குறிப்புகள் கம்ப்யூட்டருக்குப் போன கதை

கிளினிக்கில் நோயாளிகளின் விவர அட்டையை எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவளுக்கு எந்த நோயும் ஒட்டாது, கவலை மட்டும் ஒட்டிக்கொள்ளும். உங்களில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால், நான் சொல்லாமலே தெரியும்.

குளிர்ந்த அறை

தாம்பரத்தில் எங்கள் டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அதற்குச் சூடு ஆகாதாம். அதனால் பதினெட்டு வருஷம் நான் வியர்த்த அறையில் ஏசி வந்தது. அட்டையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற சாந்தி என்ற பெண்ணும் வந்தாள். "ஏத்தி முடிச்சதும் அட்டை தேடற வேலையே இருக்காது" என்றார் டாக்டர் சந்தோஷமாக. எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

நோயாளிகளுக்கு அந்தக் கவலை இல்லை. அட்டை வாங்க வந்தவர்கள் டோக்கன் கூப்பிட்டாலும் ஏசி அறையை விட்டு நகர மாட்டார்கள். ஜுரத்தோடு வந்த ஆட்டோக்காரர் ஒருவர் சொன்னார்: "எனக்கு முன்னாடி இன்னும் நாலு பேரை அனுப்புக்கா. பாதி ஜுரம் இங்கியே எறங்கிகினு கீது."

முடிச்சூர் வாத்தியார்

அட்டையின் பின்பக்கம் நான் சின்னதாகக் குறித்து வைப்பது வழக்கம். டாக்டர் எதிரில் சொல்லாததை ஜனங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சொல்வார்கள். நோயாளியை உள்ளே கூப்பிடுமுன் டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

சாந்தி பொறுப்பான பெண். பின்பக்கத்தையும் விடாமல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி ஏற்றிவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. முடிச்சூரிலிருந்து வரும் ரிட்டயர்டு வாத்தியாருக்குச் சர்க்கரை. அவருக்கு அச்சடித்த தாளை அவர் மனைவி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரி: "தினமும் மைசூர்பாகு. கேட்டால் இல்லை என்பார்."

வாத்தியார் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எழுதினது உண்மைதாம்மா. அதை இவ கையிலயா குடுக்கணும்?"

ஒரு கூடை சங்கரா

டாக்டர் கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கம்ப்யூட்டர்ல வியாதி மட்டும் இருந்தாப் போதும். திங்கட்கிழமை இந்தக் குறிப்பையெல்லாம் அழிச்சிடு சாந்தி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேலைன்னு அப்புறம் யோசிப்போம்மா" என்றார்.

சனிக்கிழமை தேசம்மா வந்தாள். கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்திலிருந்து வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கடிதம் அச்சடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயும் அவள் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். சின்ன டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதி அனுப்பப் போனவர், கடிதத்தின் அடியில் கம்ப்யூட்டர் தானாகச் சேர்த்திருந்த என் பழைய வரியைப் படித்திருக்கிறார்: "வலி இல்லை என்றுதான் சொல்வாள். நம்ப வேண்டாம்." உடனே படுக்கவைத்துப் பரிசோதித்து, அன்று மாலையே குடல்வால் ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டாளாம்.

மூன்று வாரம் கழித்து தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். "உன்னால ஒரு கூடை சங்கரா வீணாப்போச்சு எக்கா. இந்தா, கெழங்கா மீனு வறுத்தாந்துகிறேன், துன்னு."

புது நாற்காலி

அதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குப் பதில் வந்திருந்தது. அந்தக் கடைசி வரியை எழுதியது யார் என்று கேட்டிருந்தார்கள். அதைப் படித்த டாக்டர் அழிக்கிற வேலையை நிறுத்திவிட்டார். என் குறிப்புகளுக்குக் கம்ப்யூட்டரில் தனி இடம். டாக்டர்கள் மட்டும் பார்க்கலாம், நோயாளி வீட்டுக்குப் போகும் தாளில் வராது. சாந்தி பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி, ஏசிக்கு நேர் எதிரில். இப்போது சளி பிடிக்குமே என்று கவலை.

"நீங்க சொல்லுங்க, சாந்தி தட்டட்டும்" என்ற டாக்டர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "என்னைப் பத்தி மட்டும் ஒண்ணும் தட்டிடாதீங்கம்மா."

மொத்தத்தில் நான் கண்டது, கம்ப்யூட்டர் எதையும் மறக்காது, ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். சந்தேகப்படுவதற்கு இன்னமும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.