நிழல் இருந்த இடம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், தியாகதுருகம் போகும் பஸ்களை மறிக்க எங்கள் வீட்டெதிரே சாலையோரம் நின்ற புளியமரத்தை வெட்டிச் சாய்த்தோம். முதல் வெட்டு என்னுடையது. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கோடையில் எங்கள் கிழநாய் செவலை, உச்சிவெயிலில் அந்த மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. வீட்டுக்குள் தூக்கிவந்து ஈரச்சாக்கில் படுக்கவைத்தேன். சற்று நேரத்தில் தள்ளாடித் தள்ளாடி மறுபடியும் அங்கேயே போய்விட்டது.

"கெழத்துக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று எரிந்து விழுந்தேன்.

நாயின் வயிற்றில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள்: "குட்டியிலேருந்து அங்கதாங்க படுத்துக்கினு கீது. நெழலு இப்ப இல்லன்னு அதுக்கு யாரு போயி சொல்றது?"

அன்றைக்கே அடிக்கட்டையை ஒட்டி நாலு கழி நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தேன். செவலை அதன்கீழ் படுத்து, என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போராட்டம் நியாயமானது என்று இன்றும் வாதாடுவேன். முதல் வெட்டு யாருடையது என்று மட்டும் அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.