மூன்றாம் மாடிக்குப் போன வெறுஞ்சட்டி

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அம்மா இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத்தை ஒரு வருடத்துக்கு மேலாக வழியிலேயே தின்று தீர்த்தேன். தின்றதோடு நிற்கவில்லை. அவருக்கு அது எப்படி ருசித்தது என்று அம்மாவிடம் பொய்யும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு இரண்டு வேலை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கையில் தங்கச்சி, வெளியே பனி. ஒரு பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ரினிடாட் தீவுக்கார அன்ரி நின்றார். நீல விளிம்பு வைத்த எனாமல் சட்டி ஒன்றை அம்மாவின் கையில் வைத்தார், தங்கச்சியின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார், போய்விட்டார்.

சட்டிக்குள் கரும்பச்சையாக ஏதோ தளதளத்தது. கலலூ என்று பிறகு பெயர் அறிந்தோம். சேம்பிலையையும் வெண்டிக்காயையும் தேங்காய்ப்பாலில் அவித்து மசித்து, நண்டு போட்டது. நான் மூக்கைப் பொத்தினேன். அம்மா ஓர் அகப்பை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார்.

"இது எங்கட கூழெல்லோ!" என்றார், ஊரில் நண்டும் கீரையும் போட்டுக் காய்ச்சும் கூழை நினைத்து. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அவர் சிரித்துக்கொண்டு சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன்.

வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. அடுத்த நாளே அம்மா பயறு வறுத்து அரைத்து, துருவிய தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பயத்தம் பணியாரம் சுட்டார். முழுசாக வந்தவை சட்டிக்கு. உடைந்தவை எங்களுக்கு.

"கவனமாக் கொண்டுபோய்க் குடு. மூடியைத் திறக்கிறேல்ல."

நான்காம் மாடிப் படிக்கட்டில் மூடியைத் திறந்தேன். ஒன்றை எடுத்தால் தெரியாது. மூன்றை எடுத்தால் தெரியும். தெரியுமளவுக்கு எடுத்த பிறகு மிச்சம் வைப்பதில் அர்த்தமில்லை. சட்டியைப் போட்டிருந்த சேட்டால் துடைத்துக்கொண்டு கீழே போனேன். அன்ரி சட்டிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா நன்றி சொன்னதாகச் சொன்னேன். கடவுள் அம்மாவை ஆசீர்வதிக்கட்டும் என்றார்.

அம்மா கதவடியிலேயே நின்றார். "என்னவாம்?"

"நல்லாயிருக்காம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையே?"

"இன்னும் கொஞ்சம் சீனி போட்டா நல்லமாம்."

அது என்னுடைய விருப்பம். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ரொறன்ரோவில் ஒரு மனிசி அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்!

பிறகு மாதம் இரண்டு தரம் சட்டி மேலே வந்தது. ஒருநாள் பெலாவ்: சீனியை எண்ணெயில் கருக்கி, அதில் கோழியைப் பிரட்டி, அரிசியும் துவரையும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்த சோறு. "சீனியைக் கருக்கிப்போட்டும் கைக்காமல் வைச்சிருக்கிறாவே!" என்று அம்மா வியந்தார். இன்னொரு நாள் அவித்த மரவள்ளியும் கருவாடும். ஒவ்வொரு முறையும் சட்டி பெரிதாகிக்கொண்டே போனது. அதை என் அதிர்ஷ்டமென்றே நினைத்தேன். சட்டி பெரிதானால் அதை நிரப்ப அம்மா சுடுவதும் கூடுமல்லவா? சீனியும் என் சொற்படி கூடிக்கொண்டு போனது.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் அன்ரி தானே மேலே வந்தார். ஒரு கையில் ரம்மில் ஊறிய கறுப்புக் கேக். மற்றக் கையில் சொறல்: ஒருவகைச் சிவப்புப் பூவின் இதழ்களைக் கராம்பு, கறுவா, இஞ்சி போட்டுக் காய்ச்சி ஆறவைத்த பானம். அம்மா என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டிக்கொண்டு தானே கேட்டுவிட்டார்.

"பணியாரம்... சுகர்... ஓகே?" விரல்களைக் குவித்து வாயருகே காட்டினார்.

அன்ரி விளங்காமல் நின்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "வெரி நைஸ், டார்லின். வெரி நைஸ்" என்றார்.

தப்பிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இரண்டாவது கிளாஸ் சொறல் வார்த்துக் குடித்தேன்.

அடுத்த கோடையில் வீடு மாறினோம். தொடர்பும் விட்டுப்போனது. அம்மாவின் பணியாரத்தில் சீனி மட்டும் குறையவில்லை. போன வருடம், ஸ்ரௌவ்வில் நகரத்தில் இருக்கும் என் வீட்டில், என் மகள் கேட்டாள்: "அப்பம்மா, ஏன் இவ்வளவு ஸ்வீட்?"

"கீழ்வீட்டு அன்ரிக்கு இப்பிடித்தான் விருப்பம். எவ்வளவு ஆசையாச் சாப்பிடுவா தெரியுமே?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஏசவில்லை.

"அப்ப அந்த மனிசி என்ர கையால ஒண்டுமே சாப்பிடேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் பயறு வறுத்தார்.

பணியாரச் சட்டியோடு அம்மாவும் நானும் அன்ரியைத் தேடிப் போனோம். அதே கட்டடம், அதே மூன்றாம் மாடி. அன்ரி வோக்கரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். எண்பது தாண்டியிருக்கும். அம்மாவை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்குச் சில விநாடிகள்தான் ஆயின. நான் செய்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ருசியாக இருக்கிறது, ஆனால் இனிப்பு மிக அதிகம் என்றார் அன்ரி.

இந்த முறை உள்ளபடி மொழிபெயர்த்தேன். "நல்லாயிருக்காம். ஆனா சீனி கூடவாம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது.

வெறுஞ்சட்டி வந்தும் ஏன் தொடர்ந்து அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தங்கள் ஊரிலும் சட்டியை வெறுமையாகத் திருப்புவதில்லை, முதல் நாள் மனம் நொந்தது என்றார் அன்ரி. பிறகுதான் என் சேட்டிலும் வாயோரத்திலும் பணியாரத் துகளைக் கண்டாராம். தாய் கொடுத்துவிட்டதைப் பிள்ளை வழியில் தின்கிறான் என்றால் வீட்டில் சாப்பாடு காணாது என்றல்லவா அர்த்தம்? ஆகவே அடுத்த முறை பெரிய சட்டி. அதற்கடுத்த முறை அதைவிடப் பெரியது.

சட்டி ஏன் பெரிதாகிறது என்று பன்னிரண்டு வயதில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இதையும் அம்மாவுக்குச் சொன்னேன். ஐம்பதை நெருங்கும் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு விழுந்தது. அன்ரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

வெளிக்கிடும்போது அன்ரி எங்கள் சட்டியைக் கழுவி, அன்று அவித்திருந்த கலலூவை நிரப்பித் தந்தார். லிஃப்ட் வாசலில் அதை வாங்கக் கை நீட்டினேன். அம்மா சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீ விடு. நானே கொண்டு வாறன்."