பச்சை டிக் விழுந்த முப்பத்துநாலு பாடங்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு அலசுகிறவளுக்கு இரண்டு வருஷமாக ஒரே நினைப்பு, வார்டு உதவியாளர் ஆகிவிட வேண்டும். ஈரத்தில் ஊறி ஊறி நகமெல்லாம் சொத்தையாகிவிட்டது. ஆனால் அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் ஏழோடு நின்றவள். செல்போனிலேயே பாடம் பார்த்துத் தேர்வெழுதலாம் என்று நோட்டீஸ் ஒட்டியதும் முதல் ஆளாகப் பதிந்தாள்.

வீட்டில் இருந்தது ஒரே போன். வேன் ஓட்டுகிற வீட்டுக்காரரோடு காலையில் கிளம்பினால் சாயங்காலம் குற்றுயிராகத்தான் திரும்பும். பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, பாத்திரம் கழுவி அவள் உட்காரும்போது அதில் சார்ஜ் இருக்காது. இருந்தால் அவளுக்குக் கண் திறக்காது. நாற்பது பாடத்தில் ஆறு முடிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைதான் பாஸாகும் என்று அவர் கேலி செய்தார்.

கேலி செய்தாரே தவிர அவருக்கும் மனசு கேட்கவில்லை. சரக்கு இறக்கக் காத்திருக்கிற நேரத்தில் போனை ஸ்டியரிங் பக்கம் சாத்தி வைத்து, இரண்டே வாரத்தில் மீதி முப்பத்துநாலு பாடத்தையும் ஓடவிட்டு முடித்தார். நடுவே வந்த கேள்விகளுக்குக் கிடங்கு குமாஸ்தாவிடம் கேட்டு விடை தட்டினார்.

"உன் பாரத்தை இறக்கிட்டேன், பாரு" என்று போனை நீட்டினார்.

திரை முழுக்கப் பச்சை டிக். முடிந்த பாடம் மறுபடி திறக்காது; இனி தேர்வு மட்டும்தான். அவள் போனை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"சரி, பின்னத்தை எப்படிக் கூட்டணும்? சொல்லுங்க."

"நான் எங்க கேட்டேன்? சத்தத்தைக் குறைச்சுல்ல வெச்சிருந்தேன்."

உதவி எண்ணுக்கு மூன்று நாள் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் பதிவுசெய்த குரல், பாடங்களை முடித்ததற்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தது. நாலாம் நாள் அரைநாள் லீவு போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு அந்தப் படிப்புத் திட்டத்தின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு வாரத்தில் இத்தனை பாடம், ஒரு விடைகூடத் தப்பில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் இவள்தான் முன்மாதிரி, சுவரொட்டிக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்.

வீட்டுக்காரர் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

"பாத்தது நான் இல்லைங்க. பாடத்தைத் திறந்து விடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்படியென்றால் இது ஆள்மாறாட்டம், பதிவு ரத்து. தன் கையில் ஒன்றுமில்லை, விதி அப்படி. அடுத்த சேர்க்கை ஆறு மாதம் கழித்து, அதுவும் முதல் பாடத்திலிருந்து. இந்தத் தடவை வார்டு வேலைக்கு விண்ணப்பம் வாங்குவது மாதக் கடைசியோடு சரி.

படியிறங்கும்போது அவர் முணுமுணுத்தார். "பேசாம இருந்திருக்கலாம். போட்டோவாவது வந்திருக்கும்."

"பரீட்சை ஹால்ல உங்க குமாஸ்தாவா வந்து எம்பக்கத்துல உக்காருவாரு?"

அவர் வேன் கதவைத் திறந்தார். மதிய ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. சலவைக்கூடத்து வாசலில் இறக்கிவிடச் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.