ஆர்டர் இல்லாமல் தைத்தது

ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு இப்போது பணம் தருகிறோம், செய்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தபோது, இது ஏதோ மோசடி என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பூரில் இத்தனை வருஷம் பனியன் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன் வேறு எப்படி நினைப்பான்? எங்கள் ஊரில் ஆர்டர் கைக்கு வராமல் ஒரு முழம் துணி வெட்டமாட்டார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் நிறம் சொல்ல வேண்டும், சாம்பிளைப் பார்த்துச் சரி என்று மெயில் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் கட்டிங் மேஜையில் கத்தி ஓடும். வாங்க ஆளில்லாமல் தங்கிப்போன சரக்குக்கு இங்கே ஸ்டாக் லாட் என்று பெயர். அதை வந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போக ஆள் வருவான். அவனும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் எடுப்பான்.

நான் செய்து வைத்திருந்ததும் அப்படி ஒரு ஸ்டாக் லாட்தான். ஒரு பிளாக்செயின் கம்யூனிட்டிக்காக, யாரும் கேட்காமல், தமிழில் எழுதிக் கொடுத்த கையேடு. அந்தக் கம்யூனிட்டிக்கு முதலாளி கிடையாது. பல நாடுகளில் இருக்கிற முகம் தெரியாத ஆட்கள், ஒரே கணக்கை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொண்டு, எவனும் அதைத் திருத்திவிடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். பொதுவில் ஒரு நிதி உண்டு. அதை யாருக்குக் கொடுப்பது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

பணம் பண்ணத்தான் இதற்குள் வந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். உண்மையில் நான் வந்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. வீரபாண்டியில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அருள்புரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் தையல் ஃப்ளோருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை திட்டக்கூட ஆள் இருக்காது. துணி துவைத்து, சோறு வடித்து, மத்தியானம் ஆகிவிட்டால் அந்த அறையில் என் மூச்சு எனக்கே கேட்கும்.

கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் என் வயசில் கல்யாணம் ஆகாத ஆண்களைத் திரட்டினால் ஒரு பஸ் போதாது. அதனால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்வேன். வெட்கம் இல்லைதான், துணையும் இல்லை. கடைசியாக மடத்துக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பெண் வீட்டார் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். லீவு நாளில் மாப்பிள்ளை என்னுங்க பண்றாரு என்று கேட்டதற்கு, நான் பெரிய இவனாட்டம் பிளாக்செயினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"ஈமு கோழி மாதிரிங்களா?" என்று பெண்ணின் சித்தப்பா நடுவில் கேட்டார். ஈமு வளர்த்தால் லாபம் என்று நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம்.

"இல்லீங்க, இது வேறைங்க."

"அவிங்களும் அப்படித்தானுங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மீதிக் காபியைக் குடிக்காமல் வைத்தார். அந்தக் காபியைப் பார்த்ததும் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தக் கம்யூனிட்டிக்குத் தமிழில் ஓர் அரட்டைக் குழு இருந்தது. அங்கே ஒருநாள் யாரோ ஒருவர், "சார் என் காசு எங்க போச்சு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதிலே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் இங்கிலீஷ் குழுவில் இருந்தார்கள். நான் விசாரித்தேன். நடந்தது இதுதான். இதில் ஒருவருடைய காசுக்குச் சாவி, பன்னிரண்டு சொற்கள். அதைத் தெரிந்தவன் எவனும் காசை எடுத்துவிடலாம். உதவி செய்கிறவன் போல வந்த ஒருவன் அந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறான், இவரும் பவ்யமாக டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். போனது போனதுதான் என்று அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொற்கள் என்ன, எங்கே எழுதி வைக்க வேண்டும், யார் கேட்டாலும் ஏன் சொல்லக்கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார். அதை எழுதலாம் என்று தோன்றியது. எழுத எழுத ஒரு பக்கம் கையேடாக வளர்ந்தது.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்தவர் எங்கள் கம்பெனியில் செக்கிங் பகுதி சூப்பர்வைசராக இருந்த அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய தம்பி, அக்கா கையில் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும் என்று கிரிப்டோ காயினாக அனுப்பி வைத்திருந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரே வாரத்தில் குடித்துத் தீர்த்துவிடுவார். அந்தக் காசைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று என்னிடம் கேட்டு வந்தவர், கடைசியில் என் முதல் வாசகர் ஆனார்.

சாப்பாட்டு நேரத்தில் எழுதிய தாளைக் கொடுப்பேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பார். தைத்த பனியனில் தப்பு உள்ள இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் எப்போதும் அவர் இடுப்புப் பையில் இருக்கும். விளங்காத வரியில் அதைக் கிழித்து ஒட்டுவார். "இது என்ன சார் எழுதியிருக்கீய, ஒண்ணும் மண்டையில ஏறலியே" என்பார். முதல் தாள் அம்மை போட்டது போலத் திரும்பி வந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. இங்கிலீஷில் படித்தபோது எனக்குப் புரிந்ததாக நினைத்த பாதி விஷயம் எனக்கே புரியவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. திருப்பி எழுதினேன். ஸ்டிக்கர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தாள் சுத்தமாகத் திரும்பி வந்த நாளில், "பாஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் டப்பாவில் இருந்து ஒரு கருவாட்டுத் துண்டை என் தட்டில் வைத்தார். அந்த வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் என்றால் அந்தச் சாப்பாட்டு மேஜைதான்.

கையேடு முடிந்ததும் கம்யூனிட்டியின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு அனுப்பினேன். எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது, மரியாதையான மனிதர். எழுதியவர் பெயர் என்று என்ன போடட்டும் என்று கேட்டார். பெயரெல்லாம் வேண்டாம், கம்யூனிட்டி பெயரையே போட்டுவிடுங்கள் என்று பதில் அனுப்பினேன். அடக்கம் என்று நினைக்க வேண்டாம், வெறும் பழக்கம். திருப்பூரில் இருந்து போகிற பனியனின் கழுத்தில் எங்கள் பெயர் இருக்காது. பையர் பெயர்தான் இருக்கும். தைத்தவன் பெயரை ஒட்டி அனுப்பினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்பியே என் தலைமுடி நரைத்திருக்கிறது. அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குக் கேள்வியாகவே படவில்லை.

அப்புறம்தான், செய்து முடித்த வேலைக்குப் பணம் தருகிறோம் என்று கம்யூனிட்டியின் அந்த அறிவிப்பு வந்தது.

மோசடி இல்லை என்று உறுதியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். பணம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் அதைவிட எனக்கு வேண்டியிருந்தது ஒரு வரி. ஆமாம், நீதான் எழுதினாய், நாங்கள் பார்த்தோம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அவ்வளவு நாள் அந்த அறையில் நான் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். இது இத்தனை பெரிய ஆசையாக எனக்குள் இருந்தது விண்ணப்பத்தை எழுதிய பிறகுதான் தெரிந்தது.

கம்யூனிட்டிக்காரர்களில் ஒருவர் என் விண்ணப்பத்துக்குக் கீழே ஒரு கேள்வி போட்டார். கையேட்டில் யார் பெயரும் இல்லையே, உங்களுடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தளத்தைப் பார்த்துக்கொண்டவரைத் தேடினேன். அவர் வெளியேறி, கணக்கையே அழித்துவிட்டுப் போயிருந்தார். எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு எல்லாம் அதோடு போயிற்று. ஸ்டிக்கர் ஒட்டிய தாள்களைப் படம் எடுத்துப் போட்டேன். தளத்தில் வந்த பிறகு பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம் அல்லவா என்றார்கள். நியாயம்தான். பையர் பக்கம் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வாரா வாரம் அவர்களுடைய பொதுக் கூட்டம் வீடியோவில் நடக்கும். அதைப் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுவார்கள். அதில் யாராவது ஒருவர் முகம் காட்டி, இவர் எழுதும்போது நான் கூட இருந்தேன் என்று தமிழிலேயே சொன்னால் போதும் என்றார்கள். புதிதாகத் திறந்த கணக்கில் இருந்து எழுதுகிற சாட்சி செல்லாது. ஒரே ஆள் பல பெயரில் வந்து தனக்குத் தானே சாட்சி சொல்லி ஏமாற்றியது உண்டாம்.

உலகத்தில் எனக்கு இருந்த சாட்சி ஒருவர்தான். சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஒரு உதவி வேணுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கடைசி வரைக்கும் கேட்டார். கை சோற்றிலேயே இருந்தது.

"அதை எல்லாரும் பாப்பாவளா சார்?"

"பாக்கலாமுங்க. ஆனா நம்மூர்ல யாருங்க்கா அதையெல்லாம் பாக்கப் போறாங்க?"

"எங்க வீட்டுக்காரவுக ஃபிரெண்டு ஒருத்தர் எந்நேரமும் இந்தக் காயின்லதான சார் கெடக்காரு. என் மூஞ்சி அதுல வந்துட்டுன்னா, உனக்கு ஏது இதெல்லாம்னு கேப்பாவ. அந்தத் துட்டு புள்ளைக்குன்னு வச்சிருக்கேன் சார்." கண் கலங்கிவிட்டது. "யார்ட்டயும் சொல்லாதன்னு நீங்கதான எழுதியிருக்கீய."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பதற்கில்லை. ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிஷம், இதைக்கூடச் செய்யக்கூடாதா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதால்தான் அந்தக் கோபம். "பரவால்லைங்க்கா, வுடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்று பையர் கேட்காத விவரத்துக்கெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அரட்டைக் குழுவில் நான் உதவியவர்களைக் கேட்கலாம் என்று பார்த்தேன். பாதிப் பேர் அங்கே இல்லை. இருந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. செய்த உதவியைச் சொல்லிக் காட்டுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் அழித்தேன். கூட்டம் நடந்த அன்று நான் மட்டும் போய் முகம் காட்டினேன். எனக்குச் சாட்சியாக யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். திரையில் இருந்த அத்தனை முகங்களும் பொறுமையாக இருந்தன. இல்லை என்றேன்.

முடிவு ஒரு வேலை நாளில் வந்தது. கையேட்டுக்கு நல்ல ஓட்டு விழுந்திருந்தது. படித்தவர்கள் பலர் நன்றி எழுதியிருக்கிறார்கள், பயனுள்ள வேலை, நிதிக்குத் தகுதியானது என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே, எழுதியவர் தெரியவில்லை என்றும், அதனால் தொகை பொது நிதியிலேயே இருக்கும் என்றும் இருந்தது. நான் பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோற்றிருந்தால் தேவலை. சரக்கு மட்டம் என்றால் மனசு ஒரு வழியாக ஆறிவிடும். சரக்கு நல்ல சரக்கு, தைத்தவன் மட்டும் யாருமில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டேன். மாடு ஈன்ற கதையைச் சொன்னார். பால் யார் ஊற்றுகிறார்கள் என்று சொன்னார்.

"ஏங்கண்ணு, கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா, சளி."

"கம்ப்யூட்டர்ல என்னமோ காசு வருமின்னியே, வந்துருச்சா?"

"அது வேற ஒருத்தருக்குப் போயிருச்சும்மா" என்றேன். "போனாப் போகுது, நேரத்துல சாப்புடு" என்றார். எந்த விவரத்தையும் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

மறுநாள் டீ நேரத்தில் அக்கா என்னைத் தேடி வந்தார். அந்தச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் முகம் வாடியிருந்தது.

"என்ன சார் ஆச்சு? முடிவு சொல்லிட்டாவளா?"

"பாஸுங்க்கா" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமாங்க. நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மாதா காப்பாத்துனா. நான் வரலன்னு சொன்னதுல இருந்து எனக்குச் சோறே எறங்கல சார். என்னாலதான் கெட்டுப்போச்சோன்னு கெடந்து தவிச்சிட்டேன்." அப்படியே சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு. "உங்க பேரு போட்டிருக்காவளா?"

"போட்டிருக்காங்க."

"காட்டுங்க சார், ஒருதடவ பாத்துக்கிடுதேன்."

"போன்ல சார்ஜ் இல்லைங்க்கா. நாளைக்குக் காட்டறனுங்க."

டீ நேரம் என்பதால் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. என் சட்டைப் பையில் போன் அடித்தது. பையருக்கென்று வைத்த ரிங்டோன், ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும். நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்கிற வரைக்கும் நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். அக்கா என் பையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சரி சார், நாளைக்குப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.