கடல் பார்க்க இறங்காதவள்

வியட்நாமில் டா நாங் ஊரிலிருந்து ஹுவே ஊருக்குப் போக மருமகன் தனிக் கார் பிடித்திருந்தார். கடலை ஒட்டிய மலைப்பாதை. காட்சி நன்றாக இருக்கும் இடமெல்லாம் நிறுத்துவார்களாம். முதல் இடத்தில் மகளும் மருமகனும் இறங்கினார்கள். நான் அசையவில்லை.

"தூத்துக்குடிக்காரிக்குக் கடலக் காட்டுதியளா?" என்று மகளிடம் கேட்டேன்.

வண்டி கிளம்பியதும் மருமகன் முன்சீட்டிலிருந்து திரும்பி, "மாமிக்குச் சிரமம் வேண்டாம். இனி எங்கனயும் நிறுத்தாண்டாம்னு டிரைவர்ட்ட சொல்லிட்டேன்" என்றார். மகள் வாந்தி மாத்திரை போட்டு என் தோளில் தூங்கிவிட்டாள்.

காலையில் குடித்த இரண்டு இளநீரும் அப்போதுதான் வேலையைக் காட்டின. ஒவ்வொரு வளைவிலும் அடிவயிறு முட்டியது. மருமகனிடம் எதையும் நான் மகள் வழியாகத்தான் சொல்வேன். இதைப் போய் அவர் காதுபடச் சொல்வேனா? ஜெபமாலையை எடுத்தேன். அது ஒரு முழுச் சுற்று முடிந்தும் மலை முடியவில்லை.

அடிவாரத்தில் ஒரு கடை தெரிந்தது. மகளைக் கிள்ளினேன்.

"ஏளா, நிறுத்தச் சொல்லு. கடல் பாக்கணும்."

"இப்பவாம்மா?"

"இப்பத்தான்!"

கார் நின்றது. மருமகன் படமெடுக்க ஃபோனைத் தூக்கிக்கொண்டு, "மாமி, கடல் இங்கன இருக்கு!" என்று கூப்பிட்டார். நான் கடைக்குப் பின்னாலிருந்த கழிப்பறையைப் பார்த்து, திரும்பாமல் நடந்தேன்.

வந்து ஏறியதும், "கடல் எப்படி மாமி?" என்று கேட்டார்.

"நம்ம கடல் மாதிரி வராதுன்னு சொல்லுளா" என்றேன் மகளிடம்.