கூட்டேரிப்பட்டு வர்றதுக்குள்ள யாராவது கேட்டாங்களா?

சோப்பு கம்பெனி ஏழுமலை அண்ணன் போய்விட்டார். திண்டிவனத்தில், அவர் வீட்டிலேயே... தூக்கத்தில்.

காலையில் கதவு திறக்காததைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொன்னவர் பால்காரர். உள்ளே வேறு யாரும் இல்லை.

அலமு சோப், அலமு பவுடர், அலமு சென்ட். விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் சொன்னால் தெரியும். அலமு என்பது அவர் மனைவி பெயர்.

முதல் சோப்பை வீட்டு அடுப்பில் மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில் காய்ச்சினாராம். நம்ம ஊரில் அதுதானே கிடைக்கும். கட்டியே ஆகவில்லை, கொழகொழவென்று நின்றுவிட்டது.

"அலமு அத வழிச்சி கிண்ணத்துல வச்சி, 'இது குளிக்கிறதுக்கா, தொட்டுக்கிறதுக்கா'ன்னு கேட்டா, பேப்பர்காரரே." இதை அவர் சொல்லாத வருஷம் இல்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பேப்பர்காரர்தான்.

அப்புறம் தேங்காய் எண்ணெய் சேர்த்தார், கட்டியானது. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய் ராத்திரி தங்குகிற கூட்டம் காலையில் குளிக்க வேண்டுமே என்று விரல் நீளத்தில் சின்ன சோப் போட்டார். கம்பெனி அதில்தான் நிமிர்ந்தது.

எனக்கு அவர் பழக்கமானது பஸ்ஸில். நான் தினமும் திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வழியாக விழுப்புரம் பத்திரிகை ஆபீஸுக்குப் போகிறவன்.

சொந்தமாக வேன் வாங்கிய பிறகும், புது வாசனை ஒன்று கலந்தால் அதைச் சட்டையில் தடவிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

"கூட்டேரிப்பட்டு வர்றதுக்குள்ள பக்கத்துல கீறவங்க 'இன்னா வாசனை இது'ன்னு கேட்டா சரக்கு ஓடும். கேக்கலன்னா கொட்டிடுவேன்."

நல்லாருக்கே அண்ணே, என்றேன் ஒருமுறை. "நீங்க சொன்னா செல்லாது. தெரிஞ்சவங்க மூஞ்சிக்காக சொல்வாங்க."

ஒரு முறை மல்லி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே கதை. தாங்காமல், முன் சீட்டில் கூடையோடு இருந்த பூக்கார அம்மாவிடம் அவரே கேட்டுவிட்டார், "ஏம்மா, மல்லி வாசனை வரலியா?"

"கூடை நெறய மல்லி வச்சிக்கினு குந்தினுகீறேன். இந்த பஸ்ல கீற பொம்பளைங்க தலையில பூரா என் பூ. இதுல உன்னுது எங்கய்யா வரும்?"

பஸ்ஸே சிரித்தது. அவரும்தான்.

மல்லி கேன்சல். அடுத்து வந்தது தாழம்பூ. பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்புவதற்குள்ளேயே கேட்டுவிட்டார்கள்...

அலமு அக்கா போன பிறகு கம்பெனியை வெளியூர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். பையன் கனடாவில். சோப்பு மேல் அக்கா பெயர் அப்படியே இருக்கிறது, வாசனைதான் மாறிவிட்டது. ஒரு நாள் கடையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

போன வருஷம் மறுபடி பஸ்ஸில் பார்த்தேன். சமையல்கட்டிலேயே ஒன்று கலந்திருந்தார். மரிக்கொழுந்தும் வெட்டிவேரும். அக்கா தலையில் மரிக்கொழுந்து இல்லாமல் நான் பார்த்ததில்லை.

மாதக்கணக்கில் வந்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்.

"ஜனங்களுக்கு மூக்கு போயிடுச்சா, பேப்பர்காரரே?"

"மூக்கு இருக்குண்ணே. காதுலதான் இயர்போன்."

கம்பெனியே இல்லையே, இப்போ எதுக்கு டெஸ்ட் என்று கேட்டேன்.

"கேக்கட்டுமே. கேட்டா பேசிக்கினு போலாமில்ல..."

சமீபத்தில் முட்டி வலி வந்து படி ஏற முடியவில்லை. பெயர் ஒட்டாத ஒரு சின்ன சீசாவை என்னிடம் கொடுத்தார். "நீங்க பூசிக்கினு போங்க. யாராச்சும் கேட்டா சொல்லுங்க."

தினமும் சாயங்காலம் போன் வரும். "கேட்டாங்களா?" இல்லண்ணே. "சரி, நாளைக்கு பாக்கலாம்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எந்த ஊரில் ஏறினவர், எங்கே வைத்துக் கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்று குடைவார். நிருபர் நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் ரோஜா மாலை, ஊதுபத்தி. பையன் வந்த பிறகுதான் எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். வேறு சட்டை போட்டேன். சீசாவிலிருந்து இரண்டு சொட்டு தடவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அண்ணே, இன்றைக்கு ஒருத்தர் கேட்டார்.

திண்டிவனத்தில் ஏறினவர். நாற்பது வயசு இருக்கும், ஜன்னல் சீட், நீலச் சட்டை. எனக்கு முன்பின் தெரியாதவர்.

ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, "இன்னா சார் வாசனை இது, எங்க அம்மா ஞாபகம் வருது... எந்தக் கடையில கெடைக்கும்?" என்றார்.

கூட்டேரிப்பட்டு இன்னும் வரவில்லை அண்ணே.

விழுப்புரம் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். போய் வாங்க.